புல்லுப்பும் பாலிகைச் சட்டியும்

எனக்குத் தலைக்கனம் என்று எங்கள் சொந்தத்தில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். அந்தத் தலைக்கனம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு அது நியாயமா இல்லையா என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

நான் வாழ்க்கைப்பட்டது இண்டூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில். செம்மண் சரிவில் எங்கள் நிலம். மேட்டில் கிணறு, அதற்குக் கீழே மாந்தோப்பு, தோப்புக்கும் கீழே கடலை போடுகிற கொல்லை. கவலை ஏற்றத்தில் மாடுகள் இழுத்துக் கொட்டுகிற கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கித் தோப்புக்கு நடுவே ஓடி, கீழ்க்கொல்லையில் போய்ப் பாயும். இந்த வாய்க்காலை மட்டும் மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரங்கள் அப்போதுதான் நன்றாகக் காய்ப்புக்கு வந்திருந்தன. என் வீட்டுக்காரருக்குத் தோப்பு என்றால் உயிர். அடுத்தபடியாக என்னையும் எங்கோ வைத்திருந்தார் என்று நம்புகிறேன். அவருக்கு உலகத்தில் ஒரே விரோதி கோரைப்புல். கொத்தி எறிந்தால் கிழங்கு மண்ணுக்குள் நின்றுகொண்டு மறுபடியும் தலை காட்டும். கூடவே அருகம்புல் வேறு. விடிந்தால் களைக்கொத்தோடு போவார், பொழுது சாயும்போது திட்டிக்கொண்டே திரும்புவார். அந்த வசவெல்லாம் கோரைக்கு உறைத்திருந்தால் ஒரே வருஷத்தில் பட்டுப் போயிருக்கும்.

அது யுத்த காலம். தர்மபுரி வழியாகப் போய்க்கொண்டிருந்த சின்ன ரயிலை நிறுத்திவிட்டுத் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை செய்த மேஸ்திரி ஒருவர் இவருக்குச் சந்தையில் பழக்கம். தண்டவாளத்து ஓரம் புல் வராமல் இருக்க ஊற்றுகிற மருந்து கொஞ்சம் மிச்சமாகக் கிடப்பதாக அவர் சொல்லியிருக்கிறார். இவர் ஒரு கூடை கடலைக்காயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஒரு தகர டின்னைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷம் எங்கள் கல்யாணத்தன்று கூட இருந்ததில்லை.

டின்னைத் திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளையாக உப்பு. கல்லுப்பு, இந்துப்பு என்பதுபோல நாங்கள் அதற்குப் புல்லுப்பு என்று பெயர் வைத்துவிட்டோம். மாடு நக்கிவிடப் போகிறது, ஜாக்கிரதை என்று மட்டும் மேஸ்திரி சொல்லி அனுப்பியிருந்தார். இவர் மாடுகளைத் தூரத்தில் கட்டிவிட்டு, உப்பைத் தண்ணீரில் கரைத்து, தோப்பு முழுக்கத் தெளித்தார். மாசி மாதம் அது. சில நாளிலேயே புல் வெளுத்துச் சாய்ந்தது. காய்ந்த புல்லில் யாரோ பீடி நெருப்பைப் போட, பட்டாசு மாதிரி படபடவென்று பொரிந்து எரிந்தது. அது சாதாரண உப்பில்லை என்று அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கிற நிலையில் யாரும் இல்லை. தோப்பு துடைத்துவிட்ட களம்போலக் கிடந்தது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். அவர்கள் வரும்போதெல்லாம் இவர் தற்செயலாக அங்கே நிற்பதுபோல நின்றுகொண்டிருப்பார்.

வைகாசியில் என் நாத்தனாருக்குக் கல்யாணம். அவருக்கு ஒரே தங்கை. எனக்கு அவள் நாத்தனார் மட்டும் இல்லை, அந்த வீட்டில் என்னோடு சிரிக்கிற ஒரே ஆள். பாலக்கோட்டுப் பக்கத்து மாப்பிள்ளை. திருவிழாவில் ஒருதரம் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். அதிலிருந்து அந்த ஊர்ப் பெயரை யாராவது சொன்னாலே அவளுக்குக் காது சிவக்கும்.

எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பாலிகை போடுவது முக்கியம். அகன்ற மண்சட்டிகளில் சொந்த நிலத்து மண்ணை நிரப்பி, ஊறவைத்த நவதானியத்தை புருஷனோடு வாழ்கிற பெண் ஒருத்தி கையால் விதைக்க வேண்டும். அது செழித்து முளைத்தால் பெண்ணின் வாழ்க்கை செழிக்கும். முளைக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பெரிய மனுஷி முன்னாலேயே வந்து தங்கி முளையைப் பார்ப்பாள். அவள் சரி என்ற பிறகுதான் பந்தக்கால்.

பாலிகை மண்ணுக்கு ஒரு விதி உண்டு. அதில் வேறு புல் பூண்டு எதுவும் முளைக்கக் கூடாது. மற்ற கல்யாணங்களில் என் மாமியார் மண்ணைச் சலித்து, வேர் பொறுக்கி, இடுப்பு ஒடிந்து போவார். இந்தத் தடவை அவருக்கு அந்த வேலை இல்லை. ஒரு புல் கூட இல்லாத சுத்தமான மண் தோப்பு முழுக்க இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டு வா என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சுத்தம் பார்க்கிற குடும்பத்துக்கு அதைவிடச் சுத்தமான மண் எங்கே கிடைக்கும்? கூடை நிறைய அள்ளிக்கொண்டு வந்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, என் கையால் விதைத்தேன்.

முளைக்கவில்லை. சரியாகச் சொன்னால், பயறு மட்டும் அங்கங்கே எட்டிப் பார்த்தது. பச்சை பிடிக்கவே இல்லை. வெளுத்த முளையாகவே வந்து, வெளுத்தபடியே மண்ணில் படுத்துக்கொண்டது. மாமியார் சட்டியை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார். நாத்தனார் அடுப்படிக்குள்ளேயே இருந்தாள். அவள் அழுத சத்தம் வெளியே கேட்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாத்திரம் கழுவப் பின்பக்கம் போனேன். ஊறவைத்ததில் மிஞ்சிய தானியத்தை, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நானே கொட்டியிருந்தேன். அது அத்தனையும் பச்சைப் பசேலென்று முளைத்து நின்றது. அதே தானியம், கொட்டியதும் அதே கை. வித்தியாசம் மண் ஒன்றுதான். எனக்குப் புல்லுப்பு ஞாபகம் வந்தது. இவரிடம் போய்ச் சொன்னேன். உப்புப் போட்டது மாசியில், இப்போது வைகாசி, போட்டதெல்லாம் வெயிலில் எப்போதோ போயிருக்கும் என்றார். போகவில்லை என்றேன். தோப்பைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லிவிட முடியாது அவரிடம். கடைசியில் எரிச்சலோடு, உனக்குச் சந்தேகமாக இருந்தால் கீழ்க்கொல்லையில் எடுத்துக்கொள், அங்கே ஒரு சிட்டிகை உப்புக் கூட விழவில்லை என்றார். கடலை பிடுங்கின கொல்லை அது. உழவுக்காக ஒரு தண்ணீர் பாய்ச்சி விட்டிருந்தது. மண் பொதபொதவென்று நன்றாக இருந்தது. அங்கிருந்து எடுத்து மறுபடி விதைத்தேன்.

அதற்குள் மாப்பிள்ளையின் பெரியம்மா வந்து இறங்கிவிட்டார். உயரமான மனுஷி, நெற்றியில் பெரிய பொட்டு, கண்ணில் எதுவும் தப்பாது. தினமும் காலையில் சட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்து பார்ப்பார். முளை வந்தது. நான் மூச்சு விட்டேன். மறுநாள் நுனி கருகியது, அதற்கடுத்து எல்லாம் சாய்ந்தது. இந்தத் தடவை உப்பு விழாத மண்.

பெரியம்மா என்னைப் பார்க்காமல் என் மாமியாரிடம் சொன்னார். "ரெண்டு வாட்டி ஆச்சுங்க. பொண்ணு மேல எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா இது மொளைக்காம நாங்க எப்பிடிங்க பந்தக்கால் நடுறது? வெதைச்ச கையி சரியில்லையோ என்னமோ, வேற யாரையாச்சும் வுட்டு வெதைக்கச் சொல்லுங்க. அப்பவும் வல்லன்னா, பேச்சை இதோட வுட்டுருவோம்."

எனக்குக் கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் ஆகியும் அப்போது குழந்தை இல்லை. கை சரியில்லை என்று அவர் சொன்னதில் எது எது அடங்கும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தை இன்றைக்கும் நான் விடவில்லை, விடுகிற உத்தேசமும் இல்லை. ஆனால் வேறு கை விதைத்தாலும் அதே மண் என்றால் அதே கதிதான், அதோடு நாத்தனாரின் கல்யாணமும் நின்றுபோகும். அதை நினைத்ததும் கோபம் ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

அடுப்படிக்குப் போய் உப்புச் சாடிக்கு முன்னால் நின்றேன். அந்தச் சாடியை நான் வந்த நாளிலிருந்து ஒரே மூலையில்தான் வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் அது கசியும். சாடி இருப்பது உள்ளே, ஆனால் சுவரின் வெளிப்பக்கம் சுண்ணாம்பு பெயர்ந்து உப்புப் பூத்திருக்கும், அதுவும் சாடி இருக்கிற உயரத்தில் இல்லை, கீழே. எத்தனையோ தரம் அந்தச் சுவரைச் சுரண்டிப் பூசியிருக்கிறேன். உப்பு, வைத்த இடத்தில் இருக்காது. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே கூடப் போகும். கீழ்க்கொல்லைக்கு உழவுத் தண்ணீர் எந்த வழியாக வந்தது? தோப்புக்கு நடுவே ஓடுகிற வாய்க்கால் வழியாகத்தானே.

நேராகப் பெரியம்மா முன்னால் போய் நின்றேன். "வேற யாரும் வேணாங்க பெரிம்மா. நீங்களே வெதைங்க. மண்ணு நான் கொண்டாறேன், வெதை உங்களுது, கையும் உங்களுது" என்றேன்.

மாமியாருக்கு மூச்சே நின்றுவிட்டது. சம்பந்தி வீட்டு மனுஷியை இப்படிக் கேட்கலாமா என்று இவர் கண்ணால் அதட்டினார். பெரியம்மா என்னை அப்போதுதான் முதல் தடவையாக நேராகப் பார்த்தார். சரி, கொண்டா என்றார். பயந்த மனுஷி இல்லை அவர், அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வீட்டிலிருந்த சட்டி, பானை ஓடு, உடைந்த குடத்தின் அடிப்பாகம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டேன். நாத்தனாரும் முந்தானையைச் செருகிக்கொண்டு கூட வந்தாள். கல்யாணப் பெண் வெயிலில் மண் சுமக்கக் கூடாது என்று மாமியார் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. கிணற்று மேட்டில், தோப்பு ஆரம்பிப்பதற்கு முன்னால், வாய்க்கால் கரையில் ஒரு சட்டி மண். தோப்புக்குள் மரத்தடியில் ஒன்று. தோப்பைத் தாண்டி வாய்க்கால் போகிற வழியில் ஒன்று. கீழ்க்கொல்லையில் தண்ணீர் பாய்ந்த பாதியில் ஒன்று. அதே கொல்லையில், மேடாக இருந்ததால் தண்ணீர் ஏறாத மறுபாதியில் ஒன்று. எது எங்கே எடுத்தது என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு அடையாளம்: மாவிலை, கூழாங்கல், கடலைத் தோல், இப்படி. பெரியம்மா குளித்துவிட்டு வந்து தன் கையாலேயே ஒவ்வொன்றிலும் விதைத்தார். தண்ணீரையும் அவரே தெளித்தார். நான் சட்டிகளைத் தொடவே இல்லை.

அந்த நாட்களில் இவர் தோப்புக்குப் போவதைக் கூடக் குறைத்துக்கொண்டார். சட்டி இருக்கிற பக்கமே பார்க்க மாட்டார், ஆனால் அந்தப் பக்கமாகவே நடந்து போவார். நாத்தனார் ராத்திரி சாப்பாட்டைக் கையில் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். ஒருவேளை நான் நினைத்தது தப்பாக இருந்தால் என்று எனக்கும் யோசனை ஓடியது. தப்பாக இருந்தால் அவள் வாழ்க்கையை வைத்து நான் விளையாடியதாகத்தானே ஆகும்.

முதலில் பச்சை பிடித்தது கிணற்று மேட்டு மண். பிறகு, கீழ்க்கொல்லையில் தண்ணீர் ஏறாத பாதி. இரண்டும் கொழுகொழுவென்று எழும்பின. தோப்பு மண்ணில் முளைக்கவே இல்லை. வாய்க்கால் வழி மண்ணிலும், தண்ணீர் பாய்ந்த பாதியிலும் முளைகள் வெளுத்து வந்து சாய்ந்தன. ஒரே கொல்லை, ஒரே மண், நடுவே ஒரு மேடுதான். ஒரு பக்கம் செழிப்பு, மறு பக்கம் சாவு.

பெரியம்மா முளை சாய்ந்து கிடந்த சட்டி ஒன்றை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். வாடின முளை ஒன்றைப் பிடுங்கி விரலில் உருட்டினார். "என் கையிலயும்தான் மொளைக்கல" என்றார். பிறகு பச்சையாக இருந்த சட்டிகளைக் காட்டி, மாமியாரிடம் பந்தக்காலுக்கு ஆள் வரச் சொல்லுங்கள் என்றார். என் நாத்தனார் எல்லோர் முன்னாலும் வந்து என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சரியில்லை என்று சொன்ன அதே கை. நான் கல்யாண வேலையெல்லாம் முடியும் மட்டும் நிமிர்ந்துதான் நடந்தேன். யாராவது தலைக்கனம் என்று சொன்னால், அன்றைக்கு ஆரம்பித்தது அது.

கல்யாணம் நன்றாக நடந்தது. முளைகளைக் கிணற்றில் விட்டுவிட்டு அவள் பாலக்கோட்டு வண்டியில் ஏறிப் போனாள்.

ஆனால் உப்பு எங்கேயும் போகவில்லை. ஆடியில் நல்ல மழை ஒன்று கொட்டியது. தோப்பில் மேல்மண்ணை ஒரு சட்டியில் அள்ளிப் பயறு போட்டுப் பார்த்தோம், முளைத்து நின்றது. இவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினார், பார் பார் போய்விட்டது என்று. எனக்கு அப்போதும் சுவர் ஞாபகம்தான். சாடியின் உப்புக் கீழேதானே போய்ப் பூத்தது. கடப்பாரையால் முழங்கை ஆழத்துக்குத் தோண்டச் சொல்லி, அடிமண்ணில் விதைத்தேன். வெளுத்துச் சாய்ந்தது. மழை உப்பைக் கழுவி வெளியே கொண்டுபோகவில்லை, வேர் இருக்கிற இடத்துக்கு இறக்கிவிட்டிருந்தது. கொஞ்ச நாளில் மாவிலைகள் ஓரம் கருகத் தொடங்கின. வாய்க்காலை ஒட்டிய மரங்களுக்குத்தான் ரொம்ப அடி. சில மரங்கள் எங்கள் கண் முன்னாலேயே மொட்டையாகிப் பட்டுப் போயின. அவற்றை வெட்டியபோது இவர் பக்கத்தில் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னோடு ஒரு தரம் கூட வாதாடவில்லை. வாய்க்காலைத் தோப்புக்கு வெளியே திருப்பிவிட்டோம், உப்பு இன்னும் கீழே போய் அடுத்தவர் நிலத்தில் சேரக் கூடாது என்று. வீட்டிலும் பட்டியிலும் இருந்த எருவையெல்லாம் தோப்பில் கொட்டிக் கொத்தினோம். எரு போட்ட இடத்து மண் சட்டியில் சீக்கிரம் முளைத்தது, போடாத இடம் பின்தங்கியது. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. ரொம்ப வருஷம் கழித்து விவசாய ஆபீசிலிருந்து வந்த ஒருவர், அது குளோரேட் என்கிற உப்பாக இருக்கும், உரமான மண்ணில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதைத் தின்றுவிடும் என்று விளக்கினார். நல்ல மனுஷர், பொறுமையாகச் சொன்னார். நானும் என் சட்டிக் கதையைச் சொன்னேன். அவர் ரசித்துக் கேட்டார்.

ஒவ்வொரு மழைக்குப் பிறகும், ஒவ்வொரு கோடைக்குப் பிறகும் மேல்மண்ணில் ஒரு சட்டி, அடிமண்ணில் ஒரு சட்டி போடுவேன். மண்ணைத் தோண்டி எடுத்துச் சட்டிகளைச் சுமந்து வருவது இவர் வேலை. தோப்பில் பெருமையாக நின்று ஊர்க்காரர்களுக்கு வேடிக்கை காட்டிய மனுஷர், இப்போது வருகிறவர்களிடம் என் சட்டிகளைக் காட்டினார். "எங்க வூட்ல பாத்துச் சொன்னாத்தாங்க நான் நம்புவேன்" என்பார். அதைக் கேட்கும்போது எனக்கு வந்த பெருமையை நான் மறைத்ததில்லை.

யுத்தம் முடிந்திருந்தது. என் இடுப்பிலும் ஒரு குழந்தை வந்துவிட்டது. ஒருநாள் பாலக்கோட்டிலிருந்து பெரியம்மாவின் ஆள் வந்தான். அவர் மகளுக்குக் கல்யாணமாம், பாலிகை விதைக்க நான்தான் வர வேண்டுமாம். இண்டூர் மருமகள் கையைத் தவிர வேறு கை வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மாமியார் இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

போனேன். இவரும் கூட வந்தார். அங்கே அவர்கள் நிலத்து மண்ணைச் சலித்துத் தயாராக வைத்திருந்தார்கள். நான் கொண்டுபோயிருந்த மூட்டையை அவிழ்த்து, ஒரு சட்டிக்கு மட்டும் எங்கள் மண் போடலாமா என்று பெரியம்மாவைக் கேட்டேன். பெண் எடுத்த வீட்டு மண்ணாச்சே, போடு என்றார். அது எந்த இடத்து மண் என்று அவர் கேட்கவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தெரியும். செத்துப்போன மரங்கள் நின்ற இடத்தில், முழங்கை ஆழத்தில் என் எதிரில் அவரே தோண்டிய மண். முகம் வெளுத்து, அங்கேயே திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அதில் முன்னாலேயே முளைக்கவைத்துப் பார்த்துவிட்டேன் என்பதை வேண்டுமென்றேதான் அவரிடம் சொல்லவில்லை. தோப்பைப் பற்றி என்னோடு அத்தனை சண்டை போட்டதற்கு அந்த நாலு நாள் பயம் அவருக்குத் தேவைதான்.

எல்லாச் சட்டியும் முளைத்தது. எங்கள் மண் போட்டதும் முளைத்தது, மற்றவற்றுக்கு ஒரு விரற்கடை கூடக் குறையாமல். பெரியம்மா எங்கள் சட்டியைத்தான் முதலில் தூக்கிக் கல்யாணப் பெண் கையில் கொடுத்தார்.

கொடுப்பதற்கு முன்னால் இவர் குனிந்து அதைப் பார்த்தார். நவதானியத்துக்கு நடுவே மெல்லிசாக ஒரு கோரை தலை காட்டியிருந்தது. மண்ணைச் சலித்தபோது எனக்கே தப்பியிருக்கிறது. பழக்க தோஷத்தில் அவர் கை அதைக் கிள்ளப் போயிற்று. நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"வுடுங்க, அந்த மண்ணுல அதுவும் மொளைச்சிருக்குதே, இருக்கட்டும்" என்றேன்.

அவர் கோரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.